விடியுமுன் எழும் பிள்ளையும் அம்மாவின் தூக்கமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கைப்பிள்ளைக்காரிகளைப் பார்க்கப் போனால் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "நாலு மணிக்கே முழிச்சிர்றான் நர்சம்மா, அப்புறம் என்னைப் படுக்கவே விட மாட்டேங்குறான்."

விடியற்காலையில் எல்லாருக்குமே தூக்கம் லேசாகிவிடும். சுற்றிலும் இருட்டாக, அமைதியாக இருந்தால் பிள்ளை புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடும். நம் கரையில் அதற்கு வழி ஏது? கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட மூன்று மணிக்கே டியூப்லைட் எரிகிறது. தூக்குவாளி சத்தம், கரையில் என்ஜின் சத்தம். அதிலும் வெளிச்சம் சின்னப் பிள்ளைகளைச் சட்டென்று எழுப்பிவிடும். அடுப்படியில் மட்டும் சின்ன பல்பைப் போடுங்கள். படுக்கிற பக்கம் கெட்டியான பழைய சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள்.

லேட்டாகப் படுக்கப் போட்டால் லேட்டாக எழுவான் என்று சிலர் பத்து மணி வரை முழித்திருக்க வைக்கிறார்கள். பெரும்பாலும் அது பலிப்பதில்லை. அசந்துபோன பிள்ளை சிணுங்கிக்கொண்டே இன்னும் முன்னால் எழும். ஒன்றிரண்டு வயதில், பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து, பகலில் இரண்டு மணி நேரம் தூங்கும் பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை. பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்கு எழும் அம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

சின்னப்பாலத்தில் ஒரு தங்கச்சி கடல்பாசி எடுக்கப் போகிறாள். அவள் மகன் மூக்குத்தியை விரலால் தட்டித் தட்டி எழுப்புவானாம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறை இடுக்கில் முங்குகிற வேலை அவளுடையது. தூக்கம் கெட்ட உடம்போடு அதைச் செய்வது ஆபத்து.

அதனால் வீட்டு ஆம்பளைகளுக்குச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கட்டித்தானே கிடக்கிறது? விடியற்காலையில் பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். மற்ற நாளில் மாமியார் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டாலும் போதும், அவள் கண்ணயர்வாள்.

தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து ஊற்றவே கூடாது. கதவுத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், கடல் பத்தெட்டில் இருக்கிறது.

பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை முட்டுகிறது என்றால் அதை மறைக்காதீர்கள். உங்கள் ஊர் நர்சிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.