ஒரே தகடு, இரண்டு பட்டை: அலுமினியம் ஏன் சீராக நீள்வதில்லை?

[திரையில்: இழுவிசை இயந்திரத்தின் பிடிகளுக்கு இடையே ஓர் அலுமினியப் பட்டை. பக்கத்தில், பட்டை நீள நீள விசை எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்.]

அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள். வழவழப்பாக ஏற வேண்டியது, ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. பட்டையின் மேல் சாய்வான கீற்றுகள் தெரிகின்றன. உலோகம் ஒருசேர நீளவில்லை. ஒரு கீற்றில் சட்டென்று நெகிழ்ந்து நிற்கிறது, பிறகு வேறிடத்தில் நெகிழ்கிறது. 1923-இல் இதை விவரித்த போர்த்தவன், லெ ஷாத்லியே என்ற இரு பிரெஞ்சுக்காரர்களின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

இந்தப் பட்டை அலுமினியத்தில் சுமார் 4 சதவீதம் செம்பு சேர்த்த கலவை. உலையில் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, உடனே இழுத்தோம். அதே தகட்டில் வெட்டிய இன்னொரு பட்டையை 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்திருந்து இழுத்தால், ரம்பப் பற்கள் மழுங்கிப் போகின்றன. செம்பின் அளவு மாறவில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறியது.

[திரையில்: கல்யாண மண்டபம், நீளமான ஜமக்காளம்.]

கனமான ஜமக்காளத்தை நகர்த்த அதை மொத்தமாக இழுக்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு சுருக்கம் எழுப்பி, அதை மறுமுனை வரை தள்ளினால் போதும். உலோகப் படிகத்துக்குள்ளும் அப்படிச் சுருக்கங்கள் ஓடுகின்றன. டிஸ்லொகேஷன் என்பது அதுதான். அது ஓடினால் உலோகம் நிரந்தரமாக உருமாறும்.

548 டிகிரியில் அலுமினியம் 5.65 சதவீதம் வரை செம்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் கால் சதவீதம்கூடத் தாங்காது. திடீரென்று குளிர்த்தால் செம்பு அணுக்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. ஓடும் டிஸ்லொகேஷன் எங்காவது தடுக்கி நிற்கும்போது, அவை ஊர்ந்து வந்து அதைப் பற்றிக்கொள்கின்றன. விசை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு, டிஸ்லொகேஷன்கள் கூட்டமாகப் பாய்கின்றன. ரம்பத்தின் ஒரு பல் அது.

சூட்டில் வைத்தால் அதே செம்பு நுண்ணிய துகள்களாகத் திரண்டு வீழ்படிவாகிறது. பற்றிக்கொள்ளத் தனி அணுக்கள் குறைவு, பற்களும் குறைவு. அந்தத் துகள்கள் டிஸ்லொகேஷனின் வழியை மறிப்பதால் கலவை கடினமாகவும் ஆகிறது. இப்படிக் காலப்போக்கில் கலவை கடினமாவதை 1906-இல் ஜெர்மனியில் கண்டவர் ஆல்ஃபிரட் வில்ம். காரணம் அவருக்குத் தெரியாது. 1938-இல்தான் கினியே, பிரெஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் சாராமல், எக்ஸ் கதிர்களால் அந்த நுண்ணிய செம்புத் தட்டுகளின் தடயத்தைப் பிடித்தார்கள்.

வீழ்படிவு வந்தாலே உருமாற்றம் சீராகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் அளவைப் பார்க்க வேண்டும்.

[திரையில்: புதர் மண்டிய கொல்லை.]

துகள் மிகச் சிறியதாக இருந்தால் டிஸ்லொகேஷன் அதை வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுப்பட்ட துகளின் எதிர்ப்பு குறைகிறது. அடுத்து வருவது அதே வழியில் போகிறது. புதர்க்காட்டில் முதல் ஆள் மிதித்த தடம் ஒற்றையடிப் பாதை ஆவது போலத்தான். உருமாற்றம் முழுக்க படிகத்தின் சில தளங்களில் குவிகிறது. லித்தியம் கலந்த அலுமினியத்தில் இந்தத் தொல்லை அதிகம்.

துகள் பெரிதானால் வெட்ட முடியாது. டிஸ்லொகேஷன் வளைந்து சுற்றி, துகளுக்கு ஒரு வளையல் மாட்டிவிட்டுப் போகிறது. ஒரோவான் என்ற ஆய்வாளர் 1948-இல் சொன்ன வழி இது. வளையல்கள் சேரச் சேரப் பாதை அடைபடுகிறது. பின்னால் வருபவை வேறு தளம் தேடுகின்றன, உருமாற்றம் பரவுகிறது. ஆனால் துகள்கள் அளவுக்கு மீறிப் பருத்தால் இடைவெளி கூடி வலிமை இறங்கும்.

உலோகம் பல சிறு படிக மணிகளால் ஆனது. அவற்றின் எல்லையை ஒட்டி வீழ்படிவே இல்லாத மெல்லிய விளிம்பு ஒன்றும் இருக்கிறது. அகலம் சில பத்து நானோமீட்டர்தான். சுற்றிலும் கடினம், நடுவே அது மட்டும் மென்மை. எனக்கு இதுதான் மிக நயவஞ்சகமான இடமாகப் படுகிறது: நெகிழ்வெல்லாம் அங்கே குவிந்து, விரிசலும் அங்கேயே பிறக்கலாம்.

[திரையில்: கார் கதவின் வெளித்தகடு.]

மக்னீசியம் மிகுந்த அலுமினியத் தகட்டை அச்சில் அழுத்தினால் கீற்றுகள் விழும். பெயின்ட் அடித்தாலும் தெரியும். அதனால் அதைப் பெரும்பாலும் உட்புறத்துக்கே வைத்துக்கொள்கிறார்கள். வெளித்தகட்டுக்கு மக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சமாகச் சேர்ந்த கலவை. மென்மையாக இருக்கும்போதே அதை வளைத்துவிடுகிறார்கள். பிறகு பெயின்ட் காய வைக்கும் உலையில், சுமார் 180 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள், வீழ்படிவுகள் உருவாகிக் கதவு கடினமாகிறது.