குதிகாலைத் தாண்டணும்: ரெண்டு கலர் சாக்ஸும் அதுமேல ஒரு பூவும்

[காட்சி: நீலமும் வெள்ளையும் கலந்து பின்னிய சாக்ஸ். கால் உள்ளே போகிறது. குதிகாலில் சிக்கி நிற்கிறது.]

பார்த்தீங்களா, நின்னுடுச்சு. நான் முதல்முதலா பின்னின கலர் சாக்ஸ் இது. கணுக்கால் அளவு சரி, பாத அளவும் சரி. ஆனா குதிகாலைத் தாண்ட மாட்டேங்குது. இன்னிவரைக்கும் ஒரு தடவைகூட நான் இதைப் போட்டதில்லை.

ஏன்னு புரியணும்னா ஒரு இஞ்ச் டேப் எடுங்க. கணுக்காலைச் சுத்தி அளங்க. அடுத்து, குதிகால்ல ஆரம்பிச்சு பாதம் மடங்குற இடம் வழியா சாய்வா ஒரு சுத்து அளங்க. கணுக்கால் 22 சென்டிமீட்டர் இருக்கிற ஒருத்தருக்கு இந்தச் சாய்வுச் சுத்து 30-ஐத் தாண்டிடும். அப்போ சாக்ஸ் 22-ல கச்சிதமா உட்காரணும், மாட்டுற அந்த ஒரு நிமிஷம் மட்டும் 30-க்கு விரிஞ்சு கொடுக்கணும்.

ஒத்தைக் கலர்ல பின்னினா இது தானா நடக்கும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு வளையம்தானே, இழுத்தா அகலும். ரெண்டு கலர் வந்ததும் கதை மாறுது.

[காட்சி: சாக்ஸின் உள்பக்கம். கண்ணிகளுக்குப் பின்னால் நேர்கோடாக ஓடும் நூல்கள்.]

முன்னால வெள்ளை பின்னும்போது நீலம் சும்மா பின்னால படுத்துக்கிட்டு வருது. அது வளையம் இல்லை, நேர் நூல். அதுக்கு இழுவை கிடையாது. அதை இறுக்கிப் பிடிச்சா சாக்ஸ் முழுக்க உள்ளுக்குள்ள கயிறு கட்டின மாதிரி ஆயிடும். என் சாக்ஸுக்கு நடந்தது இதுதான்.

அதனால முதல் வேலை, கண்ணியைக் கூட்டுறது. ஒத்தைக் கலர்ல 64 கண்ணி போடுற காலுக்கு, ரெண்டு கலர்ல 72 போடுங்க. 72-ல இன்னொரு வசதி இருக்கு: 6, 8, 12 எதால வகுத்தாலும் மீதி வராது. அதனால அத்தனை கண்ணிக்கு ஒரு தடவை திரும்ப வர்ற டிசைன் எதுவும் சுத்து முடியுற இடத்துல பாதியில நிக்காது. ஊசியும் கால் மில்லிமீட்டர் பெருசா இருக்கலாம், 2.25-க்குப் பதிலா 2.5.

ரெண்டாவது, கலர் மாத்துறப்போ வலது ஊசியில இருக்கிற கண்ணிகளை நல்லா பரப்பி விட்டுட்டு, அப்புறம் அடுத்த நூலை எடுங்க. பின்னால போற நூல் லேசா தொங்கணும். அஞ்சு கண்ணிக்கு மேல நீளமா ஓடினா நடுவுல ஒரு இடத்துல பின்னுற நூலோட சுத்தி மாட்டி விடுங்க, இல்லைன்னா சாக்ஸ் போடும்போது கால் விரல் அதுல போய்ச் சிக்கும். கை தானா இறுக்குதா? சாக்ஸை உள்பக்கம் வெளியே தெரியுற மாதிரி திருப்பி வச்சுப் பின்னுங்க. அப்போ அந்த நூல் வெளிவட்டத்துல சுத்தி வரணும், அதனால அதுவே கொஞ்சம் நீளம் எடுத்துக்கும்.

[காட்சி: ஒரே டிசைன், இரண்டு துண்டுகள். ஒன்றில் பூ பளிச்சென்று தெரிகிறது, மற்றதில் மங்கல்.]

இந்த ரெண்டும் ஒரே நூல், ஒரே டிசைன், ஒரே ஊசி. வித்தியாசம் என்னன்னா, பின்பக்கம் எந்தக் கலர் கீழ ஓடுதோ அதோட கண்ணி கொஞ்சம் பெருசா விழும், அதுதான் முன்னால வந்து நிக்கும். பூவோட கலர் எப்பவும் கீழேயே ஓடட்டும். நடுவுல டீ குடிக்கப் போயிட்டு வந்து மாத்திப் பிடிச்சீங்கன்னா, அந்தச் சுத்துல இருந்து பூ வாடிப் போயிடும்.

கலர் தேர்வுக்கு ஒரே ஒரு சோதனை. ரெண்டு நூல் பந்தையும் பக்கத்துல வச்சு போன்ல போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. ரெண்டும் ஒரே சாம்பலா தெரிஞ்சா வேண்டாம். சிவப்பும் பச்சையும் அடிக்கடி இப்படி ஏமாத்தும்.

நீலமும் வெள்ளையும் ஏமாத்தாது. எகிப்துல கிடைச்ச மத்தியகாலப் பருத்திக் காலுறைகள்லயே அவுரி நீலமும் வெள்ளையும்தான் இருக்கு. இன்னிக்கு நம்ம கையில இருக்கிற ரொம்பப் பழைய ஊசிப் பின்னல்கள்ல அதுவும் ஒண்ணு. அதாவது, கலர் சாக்ஸ் புது ஃபேஷன் இல்லை.

[காட்சி: எட்டு இதழ்ப் பூ. நடுவில் சிவப்புப் பொட்டு.]

இப்போ இந்தச் சிவப்புப் பொட்டு. ஒரு சுத்துல 72 கண்ணி, அதுல சிவப்பு ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டுக்காக மூணாவது நூலை காலைச் சுத்தி இழுத்துட்டு வந்தா, உள்ளே இன்னொரு கயிறு. இங்கதான் தையல் ஊசி வருது.

முதல் வழி, கண்ணி மேல கண்ணி. முனை மழுங்கின ஊசி எடுத்துக்கோங்க. பின்னல்ல ஒவ்வொரு கண்ணியும் 'வி' மாதிரி இருக்கு இல்லையா? அந்த வி-யோட அடியில ஊசியை வெளியே எடுங்க. மேல இருக்கிற கண்ணியோட ரெண்டு காலுக்கும் பின்னால ஊசியை விட்டு எடுங்க. திரும்ப அதே அடி ஓட்டைக்குள்ள இறக்குங்க. அவ்வளவுதான், வெள்ளைக் கண்ணி சிவப்பாயிடுச்சு. பின்னல் போற பாதையிலேயே நூல் போறதால இதுவும் கூடவே விரியும். தப்பான கலர்ல பின்னின ஒத்தைக் கண்ணியை மறைக்கவும் இதுதான் வழி. என் சாக்ஸ்ல இப்படி எத்தனை இருக்குன்னு கேக்காதீங்க.

இரண்டாவது, நிஜமான எம்பிராய்டரி. தண்டுக்கும் கொடிக்கும் சங்கிலித் தையல் போடுங்க. அது வளையம் வளையமா போறதால பின்னலோட சேர்ந்து இழுபடும். ஓட்டுத் தையல், பின் தையல் ரெண்டும் நேர் நூல்தான், பழைய பிரச்சனையை வெளிப்பக்கமா கொண்டு வந்துடும். சாக்ஸைச் சுத்தி ஒரு முழு வட்டமா அதைப் போடவே போடாதீங்க. இலைக்கும் இதழுக்கும் லேசி டெய்சி, அதாவது ஒத்தைச் சங்கிலி வளையத்தை நுனியில ஒரு சின்னத் தையலால பிடிக்கிறது, நல்லா உட்காரும். நீளமா நிரப்புற சாட்டின் தையல் அழகுதான், ஆனா காலுறைக்கு ஆகாது, எதுலயாவது மாட்டி இழுத்துக்கும்.

பிரெஞ்சு முடிச்சு (ஊசியில நூலைச் சுத்திப் போடுற குட்டி முடிச்சு) போடுறவங்க ஊசி வெளியே வந்த ஓட்டைக்குள்ளேயே திரும்ப இறக்காதீங்க. பின்னல் ஓட்டை பெருசு, முடிச்சு உள்ளே ஓடிடும். பக்கத்து நூல் இழையைக் குத்திக்கிட்டு இறக்குங்க, அப்போ நிக்கும்.

[காட்சி: சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த அட்டை.]

எம்பிராய்டரிக்குத் துணியை இறுக்கிப் பிடிக்கிற வட்டச் சட்டம் மாட்டாதீங்க. அது பின்னலை இழுத்து வைக்கும், கழட்டினதும் பூ சுருங்கி முண்டு முண்டா நிக்கும். அதுக்குப் பதிலா உள்ளே ஒரு அட்டையைச் சுருட்டி விடுங்க. நான் அட்டை இல்லாம தச்சு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே மூடினவன். டிசைன் வரைய தண்ணியில கரையுற தாள் கிடைக்குது. அதுல வரைஞ்சு, சாக்ஸ் மேல தற்காலிகமா லேசா தச்சுப் பிடிச்சு, அது மேலேயே தச்சு, கடைசியில அலசிட்டா போயிடும். ஆனா அதுக்கு முன்னாடி சிவப்பு நூலை ஈரத்துணியில அழுத்திப் பாருங்க. சாயம் விட்டா அந்த நூலே வேண்டாம்.

பூ எங்கே போடலாம்? கணுக்காலுக்கு மேல, வெளிப்பக்கம். குதிகால், உள்ளங்கால், விரல் நுனி மூணும் ஒத்தைக் கலரா, வெறுமையா இருக்கட்டும். அங்கே ஒரு சின்ன முடிச்சுகூட நடக்கும்போது கல்லு மாதிரி குத்தும். அதனால தையல் நூலோட நுனியை முடிச்சுப் போடாம உள்பக்கக் கண்ணிகள்ல சொருகி விடுங்க.

[காட்சி: இரண்டு சாக்ஸ்கள் அருகருகே.]

தைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் காலில் போட்டுக்கிட்டு, வெளிப்பக்கம் எதுன்னு பார்த்து வேற கலர் நூலால ஒரு அடையாளம் வைங்க. வலதுக்குத் தச்ச மாதிரியே இடதுக்கும் தச்சீங்கன்னா, ஒரு பூ வெளியே பார்க்கும், இன்னொண்ணு உள்பக்கம் போய் அடுத்த கால்ல உரசிக்கிட்டே இருக்கும்.