ஒகினாவா உணவுமுறையால் உடலின் வயது குறையுமா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வயிறு 80 விழுக்காடு நிரம்பியதும் ஜப்பானியர்கள் கையைக் கழுவிவிடுவார்களாம். அப்படிச் செய்தால் உயிரியல் வயது குறையும் என்கிறார்கள். எனக்கு வயது 62, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். நானும் தொடங்கலாமா? பச்சைத் தேநீரும் குடிக்க வேண்டுமா?”

ஐயா, ‘ஹரா ஹாச்சி பு’ எனப்படும் இப்பழக்கத்தால் புகழ்பெற்றவர்கள் ஜப்பானின் ஒகினாவாத் தீவின் முதியவர்கள். ஆனால் வயிற்றில் இடம் விட்டதைவிட, எதைக் கொண்டு வயிற்றை நிரப்பினார்கள் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். 1949-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுடைய உணவின் கலோரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து கிடைத்தது. அரிசி கொஞ்சம், மீனும் இறைச்சியும் மிகக் குறைவு. அதில் தத்துவத்தைவிட வறுமைக்கே பங்கு அதிகம். 1972 வரை நீடித்த அமெரிக்க நிர்வாகத்தின்போது டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியும் ஹாம்பர்கரும் பரவின, நடந்தவர்கள் காருக்கு மாறினார்கள். ஒரு காலத்தில் ஆயுளில் முன்வரிசையில் இருந்த ஒகினாவா ஆண்கள், 47 மாகாணங்களில் 2000-இல் 26-ஆம் இடத்துக்கும் 2020-இல் 43-ஆம் இடத்துக்கும் இறங்கினார்கள். தீவு அதேதான், மரபணுவும் பெரும்பாலும் அதேதான்.

அடுத்தது உயிரியல் வயது, அதாவது ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல், உடல் எவ்வளவு முதுமை அடைந்திருக்கிறது என்று போடும் மதிப்பீடு. டிஎன்ஏ மீது காலப்போக்கில் மாறும் ‘மெத்தில்’ எனும் சிறு வேதிக் குறிகளைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் நடந்த ‘கேலரி’ (CALERIE) ஆய்வில், உடற்பருமன் இல்லாத ஆரோக்கியமானவர்கள் இரண்டு ஆண்டுகள் கலோரியைச் சராசரியாக 12 விழுக்காடு குறைத்தபோது, முதுமையின் வேகத்தை அளக்கும் கணக்கீட்டில் 2 முதல் 3 விழுக்காடு தணிவு தெரிந்தது; வயதையே மதிப்பிடும் மற்றக் கணக்கீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆகவே வேகம் சற்றே தணியலாம் என்று சொல்லலாமே தவிர, வயது பின்னோக்கிப் போகும் என்று விளம்பரம் செய்வது மிகை. அதில் பங்கேற்ற எவரும் சேரும்போது 50 வயதைத் தாண்டவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் வயதில் சாப்பாட்டைப் பொதுவாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும். எனவே பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைக்காமல், சோற்றையும் எண்ணெயில் பொரித்தவற்றையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால், சில வகை மாத்திரைகளால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஜப்பானிய உணவு என்று மிசோவையும் (உப்பிட்டுப் புளிக்கவைத்த சோயா விழுது) ஊறுகாயையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். உப்பு மிகுந்த உணவு உண்ட அகிடா மாகாணம் ஒரு காலத்தில் பக்கவாதத்துக்குப் பெயர்போனதாக இருந்தது.

தேநீரைப் பொறுத்தவரை, ஒகினாவா முதியவர்கள் வழக்கமாகக் குடித்தது மல்லிகை மணமூட்டிய ‘சன்பின்’ தேநீர். எந்தத் தேநீரானாலும் சர்க்கரை சேர்க்காமல் குடியுங்கள்.