எல்லோருக்கும் சொந்தமான பிரிட்னி

வணக்கம் நேயர்களே.

2008 ஜனவரியில் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஓர் இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்தது. முதுமையில் இருக்கும் தலைவர்களுக்கு இப்படி எழுதி வைப்பது பத்திரிகை அலுவலகங்களில் வழக்கம்தான். ஆனால் இது 26 வயதுப் பெண்ணுக்கு. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸுக்கு. அதே மாதம் அந்த நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் ஒரு குறிப்பும் சுற்றுக்குப் போனது: இனி பிரிட்னி சம்பந்தப்பட்டது ஏறக்குறைய எல்லாமே பெரிய செய்திதான் என்று. ஒருத்தி எப்போது செத்துப்போவாள் என்று தயாராகக் காத்திருக்கும் அளவுக்குப் புகழ் முற்றியிருந்தது.

லூசியானா மாநிலத்தின் கென்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் பிரிட்னி. பத்து வயதில் ஒரு தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் பாடினார். தொண்டை நரம்பு புடைக்கப் பாடி முடித்த அந்தச் சிறுமியிடம், தாத்தா வயதுள்ள தொகுப்பாளர் கேட்ட கேள்வி பாட்டைப் பற்றியதல்ல. உனக்குக் காதலன் உண்டா என்றார். இல்லை, பையன்கள் மோசம் என்றது குழந்தை. நான் மோசமில்லையே, என்னை எடுத்துக்கொள்வாயா என்கிற தொனியில் அவர் கேட்க, அரங்கம் சிரித்தது. இந்தக் காட்சி இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. பார்த்தால் உடம்பு கூசும். 1998-இல் முதல் பாட்டு வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தபோது அவருக்கு 16 வயது. அதன்பின் பேட்டி எடுத்தவர்கள் மார்பகத்தைப் பற்றிக் கேட்டார்கள், கன்னித்தன்மையைப் பற்றிக் கேட்டார்கள். அவரும் சிரித்துச் சமாளித்துக்கொண்டே வந்தார்.

2007 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் டார்சானா பகுதியில் ஒரு சலூனுக்குள் நுழைந்து, மெஷினைத் தானே கையில் எடுத்துத் தலையை மழித்துக்கொண்டார். மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். கண்ணாடிக்கு வெளியே கேமராக்காரர்கள் மொய்த்துக் கிடந்தார்கள். உதிர்ந்த முடியைக்கூட இணையத்தில் விலை பேசினார்கள். அடுத்த ஆண்டு ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில், கடந்த ஆண்டில் பிரிட்னி இழந்தது என்ன என்று கேள்வியே வைத்தார்கள். முடி, குழந்தைகள், கணவர் என்று போட்டியாளர்கள் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். 2007-இல் இரவுநேரத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிரெய்க் ஃபெர்குசன் மட்டும், தானும் குடியிலிருந்து மீண்டவன் என்பதைச் சொல்லி, இந்தப் பெண்ணுக்கு உதவி தேவை, இவளைக் கிண்டல் செய்யமாட்டேன் என்றார். முதலில் அதற்கும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஏதோ நகைச்சுவை வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

2008 பிப்ரவரியில் நீதிமன்றம் அவருடைய தந்தையைக் காப்பாளராக நியமித்தது. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் நினைவு தப்பிய முதியவர்களுக்கானது. பணம், மருத்துவம், வீட்டுக்கு யார் வரலாம் என்பது உட்பட எல்லாம் காப்பாளர் கையில். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்னியின் புதிய ஆல்பம் வந்துவிட்டது. பிறகு உலகச் சுற்றுப்பயணம். பிறகு ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்கு நடுவர். 2013 டிசம்பர் முதல் நான்கு ஆண்டுகள் லாஸ் வேகாஸில் ஏறக்குறைய 250 மேடை நிகழ்ச்சிகள். மணிக்கணக்கில் ஆடிப்பாடி மற்றவர்களின் திறமைக்குத் தீர்ப்புச் சொல்ல முடிகிறவருக்கு, தன் வழக்கறிஞரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாதாம்! இந்த முரண் நீதிமன்றக் கோப்பில் ஒளிந்து கிடக்கவில்லை. டிக்கெட் வாங்கிய எல்லோர் கண்முன்னும் நடந்தது. ஆனால் அவர் ஆடியதை, ‘தேறிவிட்டார், ஏற்பாடு வேலை செய்கிறது’ என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அழுதிருந்தால், ஏற்பாடு இன்னும் தேவை என்பதற்குச் சான்றாகியிருக்கும். அந்த ஆண்டுகளில் தனக்கு வாரச் செலவுக்குக் கிடைத்தது சுமார் 2,000 டாலர் என்று அவரே பின்னால் எழுதினார். அவரை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர்களுக்கான கட்டணமும் அவருடைய சொத்திலிருந்தே போனது.

2021 ஜூன் 23 அன்று நீதிமன்றத்தில் தொலைபேசி வழியாக இருபது நிமிடங்களுக்கு மேல் பேசினார். வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. பதிவு செய்யவேண்டும், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. தன் விருப்பத்துக்கு மாறாக லித்தியம் என்ற மனநல மருந்தைக் கொடுத்தார்கள் என்றார். இன்னொரு குழந்தை வேண்டும், ஆனால் கருத்தடைச் சாதனத்தை அகற்ற மருத்துவரிடம் போக விடவில்லை என்றார். நன்றாக இருக்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று இத்தனை நாள் உலகத்துக்குப் பொய் சொன்னேன் என்றார். 2021 நவம்பர் 12 அன்று காப்பாளர் ஏற்பாடு ரத்தானது. இதற்காக ரசிகர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். நீதிமன்ற வாசலில் இளஞ்சிவப்புப் பதாகைகளோடு நின்றார்கள். காப்பாளர் சட்டத்தைக் கலிபோர்னியா திருத்தியதிலும் அவர்கள் எழுப்பிய சத்தத்துக்குப் பங்குண்டு. அந்தப் பெருமை அவர்களுக்குச் சேரவேண்டியதுதான்.

ஆனால் அவர்கள் போராடிய விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் அவர் மஞ்சள் சட்டை போட்டால், அது ரகசியச் சைகை. கண்ணிமைத்தால், உதவி கேட்கிறார். பாப்பராஸிகள், அதாவது பிரபலங்களைத் துரத்திப் படமெடுக்கும் கேமராக்காரர்கள், படத்தை விற்றார்கள், இவர்கள் அன்போடு துருவினார்கள். இரண்டிலும் அவருடைய முகம் யாரோ படித்துப் பொருள் சொல்லவேண்டிய ஒன்றாகவே இருந்தது. மேடைக்கு வந்தவர் நமக்குச் சொந்தம் என்ற நினைப்புக்கு வெறுப்பு வேண்டியதில்லை, பாசமே போதும்.

2023 ஜனவரியில் பிரிட்னி தன் இன்ஸ்டாகிராம் கணக்கை மூடினார். சில ரசிகர்கள் பதறிப்போய்க் காவல்துறையைக் கூப்பிட்டார்கள். போலீஸார் போய்ப் பார்த்தார்கள். ஆபத்து ஏதும் இல்லை என்று தெரிந்தது. ரசிகர்கள் எல்லை மீறி என் அந்தரங்கத்தில் நுழைந்துவிட்டார்கள் என்று அவர் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையையும் அவர்தான் எழுதினாரா என்று விவாதித்தவர்கள் உண்டு.

நன்றி, வணக்கம்.