எம்டன் வந்த இரவு

வணக்கம். சென்னை உயர் நீதிமன்ற மதிலில் ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வீசிய குண்டு விழுந்த இடம் அது.

முதல் உலகப் போர் தொடங்கி ஏறக்குறைய ரெண்டு மாதம் ஆகியிருந்தது. வங்காள விரிகுடாவில் எம்டன் வரிசையாகச் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த செய்தியும் வந்துவிட்டது. அப்படியும் சென்னையில் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. கேப்டன் முல்லர் இருட்டோடு இருட்டாகக் கரைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வந்து, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டார். சுமார் 130 குண்டுகள், அரை மணி நேரம்கூட இல்லை, தொட்டிகள் பற்றி எரிய அவர் கிளம்பிவிட்டார். கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை.

உயிர்ச்சேதம் குறைவுதான். ஆனால் ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள், கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரப் பயந்தன. இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு நடுத்தரக் கப்பல், எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்பதாலேயே ஒரு கடலையே முடக்கிப் போட்டது. அண்மைக் காலத்தில் செங்கடலில் மலிவான டிரோன்களும் ஏவுகணைகளும் பெரிய சரக்குக் கப்பல்களை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வைத்ததும் இதே கணக்குதான்.

சரி, அந்த எம்டன் எப்படிச் சிக்கியது? மூன்று புகைபோக்கிதான் அதற்கு, நாலாவதாகப் பொய்யாக ஒன்றை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே போய் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்த கில்லாடி அது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அங்கிருந்த ஊழியர்கள் சந்தேகப்பட்டு, முன்பின் தெரியாத கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கையில் பீரங்கி கிடையாது. அந்தச் செய்தி போதும், பக்கத்துக் கடலில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் சில மணி நேரத்தில் வந்து எம்டனை முடித்தது.

அதனால்தான் சொல்கிறேன், கடற்பாதுகாப்பு என்றால் விமானந்தாங்கிக் கப்பலும் நீர்மூழ்கியும் மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது. 2008 நவம்பரில் மும்பைக்குள் பத்துப் பயங்கரவாதிகள் வந்தது ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான். அதற்கப்புறம் கரையோரம் ராடார் வரிசை வந்தது, நல்ல விஷயம். ஆனாலும் ஆயிரக்கணக்கான படகுகளுக்கு நடுவே எது நம்ம படகு, எது வெளிப்படகு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தினமும் கடலுக்குப் போகிற மீனவர்கள்தான். அவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தகவல் சொன்னால் மறுமுனையில் ஒருவர் எடுக்க வேண்டும், அவர்கள் பேச்சிலேயே பேச வேண்டும், சொன்னவரையே சந்தேகத்தோடு விசாரித்து அலைக்கழிக்கக் கூடாது.