டாலருக்கு முன்னாலேயே ஊர் இருந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் உட்கார்ந்து ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். 'மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் சபோடெக் பழங்குடி ஊர்களைத் தாங்கி நிற்பது ஊர்முறையா, வெளிநாட்டுக் காசா?' இதுதான் தலைப்பு. ஊர்முறைதான், அதாவது ஊர்ச்சபையும் பொதுவேலையும் கொடுக்கல் வாங்கலும் சேர்ந்த பழைய வழக்கம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர், லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து டாலர் வராவிட்டால் அங்கே அடுப்பே எரியாது என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனார். டாலர் வருகிறது, இல்லை என்று யார் சொன்னது? கலிபோர்னியாவில் பாத்திரம் கழுவியும் தோட்ட வேலை செய்தும் அனுப்பிய காசில் மலையூர்களில் மாடிவீடு எழும்பியிருக்கிறது, தேவாலயத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் எல்லை தாண்டிப் போனவன் இத்தனை வருஷம் கழித்தும் ஏன் ஊருக்கு அனுப்புகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

வஹாக்காவின் 570 நகராட்சிகளில் நானூறுக்கும் மேலானவற்றில் கட்சிச் சின்னத்துக்கு வேலை இல்லை, ஊர்ச்சபை கூடித்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது; 1995-இல் மாநிலச் சட்டமே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இளவட்டப் பையன் முதலில் 'தோபில்' ஆக வேண்டும், அதாவது ராத்திரிக் காவல், சேதி சொல்ல ஓடுவது, இந்த மாதிரி எடுபிடி வேலை. அப்புறம் படிப்படியாக மேலே போய்த் தலைவர் பதவி வரை வரலாம், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வெளிநாட்டில் இருப்பவனையும் சபை விடாது. உன் முறை வந்துவிட்டது, வா என்று கூப்பிடும், வர முடியாவிட்டால் காசு கொடுத்து இன்னொருவரை நிறுத்த வேண்டும். 'தெக்கியோ' என்கிற பொதுவேலைக்கும், அதாவது ரோடு போடுவது, வாய்க்கால் தூர்வாருவது இதற்கெல்லாம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். காசு தானாக நடந்து வரவில்லை ஐயா, ஊர் கூப்பிட்டதால் வருகிறது!

தெயோத்தித்லான் தெல் வாயே என்று ஒரு நெசவாளர் ஊர். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளரும் பூச்சியை உலர்த்தி அரைத்துச் சிவப்புச் சாயம் எடுத்துக் கம்பளம் நெய்கிறவர்கள். அங்கே ஒரு கல்யாணம் என்றால் சொந்தக்காரர்கள் வான்கோழி, மக்காச்சோளம், கொக்கோ, மெஸ்கால் சாராயம் எல்லாம் கொண்டுவந்து இறக்குவார்கள். வான்கோழியை எடை போட்டு, இத்தனை கிலோ, கொடுத்தவர் இன்னார் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு அதே அளவு திரும்பிப் போக வேண்டும். இதற்குப் பெயர் 'கெலகேட்சா'. மொய் நோட்டு தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கையில் காசே இல்லாதவனும் ஊருக்கே சோறு போட முடிகிறதே, எந்த பாங்க் இந்தக் கடனைக் கொடுக்கும்?

சாமி காரியமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. புனிதர் திருவிழாவை எடுத்து நடத்துகிற வீட்டுக்காரர் மெழுகுவத்தி, பேண்டு வாத்தியம், சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். மித்லா என்கிற ஊரில் பழைய சபோடெக் அரண்மனைக் கட்டடத்தின் மேலேயே ஸ்பானியர்கள் தேவாலயம் கட்டினார்கள். அப்படியும் செத்துப்போனவர்கள் நவம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கு வருவார்கள் என்கிற நம்பிக்கை போகவில்லை, ரொட்டியும் பழமும் சாக்லேட்டும் படைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். திருவிழாச் செலவு குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது என்றார் எதிரணித் தோழி. தள்ளுவதும் உண்டு. மதம் மாறியவர்களிடமும் திருவிழாப் பங்கு கேட்டுச் சண்டை வந்த ஊர்களும் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இன்னொருவர் பெனிட்டோ உவாரெசை இழுத்தார். குவெலதாவோ கிராமத்தில் 1806-இல் பிறந்த சபோடெக் பையன், 12 வயதில் ஸ்பானிஷ் தெரியாமல் ஊரை விட்டுக் கிளம்பியதால்தானே நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார் என்றார். நல்ல கைதட்டல் வேறு. ஆனால் வஹாக்கா நகரத்தில் அவர் போய் நின்றது அக்கா சமையல் வேலை பார்த்த வீட்டு வாசலில்தான், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவருடைய சகாக்கள் 1856-இல் கொண்டுவந்த சட்டம் ஊர்ப் பொதுநிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது, அப்படியும் அவர் பிறந்த மலைத்தொடரில் காடு இன்றைக்கும் பொதுச் சொத்து. 1956-இல் அரசாங்கம் அந்தக் காட்டை 25 வருஷத்துக்கு ஒரு காகித ஆலைக்குத் தூக்கிக் கொடுத்தது. கெடு முடிந்து நீட்டிக்கப் பார்த்தபோது ஊர்கள் சேர்ந்து எதிர்த்து நிறுத்தின. இன்று இஸ்த்லானில் ஊரே மர அறுவை மில் வைத்து நடத்துகிறது!

எதிரணியின் பலமான ஆயுதம் யூஃப்ரோசினா குரூஸ். 2007-இல் கியெகோலானி ஊரில் தலைவர் பதவிக்கு நின்றவரை, பெண் என்று சொல்லி ஓட்டுகளைச் செல்லாமல் ஆக்கினார்கள். அசிங்கம். ஊர்முறையின் பெயரால் நடந்த அநியாயம்தான், பூசி மெழுக மாட்டேன். ஆனால் அவர் கேட்டது அதே ஊரில் ஓட்டும் பதவியும். ஊர்ச்சபை எதற்கும் உதவாது என்று நினைத்திருந்தால் அதற்காக அத்தனை தூரம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

நேரம் ஆகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார், தண்ணீரைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஒகோத்லான் பள்ளத்தாக்கில் பூவும் காய்கறியும் விளைவிக்கும் 16 ஊர்கள். அரசு அனுமதி இல்லாமல் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்று 1967-இல் ஒரு தடை. பின்னாளில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, கிணறு வற்றியது ஒரு பக்கம், அதிகமாக இறைத்தாய் என்று அரசுக் கடிதம் இன்னொரு பக்கம். அந்த ஜனங்கள் மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்கக் கிணறும் குட்டையும் வெட்டினார்கள், கிணற்றில் நீர் மேலே வந்தது, கூடவே வழக்கும் நடத்தினார்கள். 2021-இல் அந்தத் தண்ணீரை ஊர்களே நிர்வகிக்கலாம் என்று ஜனாதிபதி ஆணை வந்தது. அந்தக் கிணறுகளில் எத்தனையை டாலர் வெட்டியது என்று அடுத்துப் பேச வருபவர் கணக்குச் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.