மாட்டுக் கண்ணைப் பள்ளி மாணவி கையில் கொடுத்த அருங்காட்சியகம்

வணக்கம் நேயர்களே. மேசையின்மீது ஒரு தட்டு, தட்டில் ஒரு மாட்டுக் கண், பக்கத்தில் கத்தியும் கத்தரிக்கோலும். அதை அறுக்கத் தொடங்குபவர் மருத்துவரோ பேராசிரியரோ அல்லர். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவி. இடம், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்னும் அறிவியல் அருங்காட்சியகம்.

வரலாற்றை விரைந்து கடந்துவிடுவோம். 1969-இல் இதை நிறுவிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டுத் திட்டத்தில் புகழ்பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி; கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பால் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். அந்த மாடுகளுக்கும் நம் தட்டிலுள்ள கண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனிக் கண்ணுக்கு வருவோம்; இங்கே சற்று அதிக நேரம் நிற்பேன், பொறுத்தருள்க. கொழுப்பையும் தசையையும் நீக்கிவிட்டு, வெண்ணிற வெளியுறையைச் சுற்றிலும் வெட்டினால் கண் இரண்டு கிண்ணங்களாகப் பிரிகிறது; உள்ளேயிருந்து கண்ணாடிபோல் தெளிந்த கூழ் வழிகிறது. விழிவில்லையைப் பிரித்தெடுத்துச் செய்தித்தாளின்மீது வைத்தால் அதன் வழியே எழுத்துகள் பெரிதாகத் தெரிகின்றன. 'சீ' என்று முகம் திருப்பியவரும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத கட்டம் இது. அடுத்து விழித்திரை: மெல்லிய அந்தப் படலம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்; பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடமே குருட்டுப் புள்ளி. அதற்கும் பின்னால் நீலமும் பச்சையுமாக மினுமினுக்கும் ஒரு படலம், வந்த வெளிச்சத்தை மீண்டும் விழித்திரைக்கே திருப்பி அனுப்புகிறது. இரவில் சாலையோரம் நிற்கும் மாட்டின் கண்கள் லாரி விளக்கில் பளிச்சிடுவது இதனால்தான். மனிதக் கண்ணில் அப்படலம் கிடையாது. எனக்குப் பள்ளியில் கண்ணைச் சொல்லித்தந்தது பாகம் குறிக்க வேண்டிய ஒரு படம் மட்டுமே.

கண்ணை அறுத்துக் காட்டும் அந்த மாணவியைப் போன்றவர்களை அங்கே 'விளக்குநர்கள்' என்கிறார்கள். தொடக்க காலத்திலிருந்தே தொடரும் இந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மனப்பாட உரை நிகழ்த்தாமல், பார்வையாளரோடு சேர்ந்து காட்சிப்பொருளை இயக்கி, கேள்வி கேட்டு உரையாடுவதே அவர்கள் பணி. தன்னைவிட நான்கைந்து வயது மட்டுமே மூத்த ஓர் அக்கா கத்தி பிடித்திருக்கும்போது, ஒரு சிறுமி கேட்கத் துணியும் கேள்விகளை நிபுணர் முன்னால் கேட்பாள் என்று நான் நம்பவில்லை.

பார்வையாளர் கருத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, வாசலில் நூல் கட்டிய பேனாவோடு கிடக்கும் பதிவேடு. 'மிக அருமை, குடும்பத்துடன் கண்டு களித்தோம்' என்று எழுதிக் கையெழுத்திடுவோம். அதிலிருந்து யார் எதைத் திருத்த முடியும்? எக்ஸ்ப்ளோரடோரியத்தில் கைகளைக் கவனிக்கிறார்கள். ஒரு காட்சிப்பொருளை முழுமையாக்கும் முன்பே அதன் மாதிரியைக் கூடத்தில் வைத்து, மக்கள் எதைத் திருகுகிறார்கள், எங்கே விழிக்கிறார்கள், எப்போது விலகிப் போகிறார்கள் என்று பார்த்து, பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றுகிறார்கள். இப்படிப் பார்த்ததில், ஒரே பொருளில் திருகவும் அழுத்தவுமான விசைகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஆர்வமும் கூடும் என்ற எண்ணம் அடிபட்டது: எது முதன்மையான விசை என்று தெரியாமல் மக்கள் குழம்பினார்கள், ஒருவர் செய்துகொண்டிருந்த சோதனையை எதிரே நின்றவர் தம்மையறியாமல் கலைத்தார். தொலைக்காட்சியின் ரிமோட் கட்டுப்பாட்டுக்காக வீட்டில் நடக்கும் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தவளைகளைப் பற்றிய ஒரு கண்காட்சியில், இணை இணையாக வந்தவர்களின் ஒப்புதலோடு ஒலிவாங்கி பொருத்தி, அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதையும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள்.

முடிக்கும் முன், அங்கே ஒரு குடிநீர்க் குழாய் உண்டு. புத்தம்புதிய, ஒருவரும் ஒருபோதும் பயன்படுத்தாத கழிப்பறைப் பீங்கானுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் பீய்ச்சி வரும், குனிந்து குடிக்கலாம். சுத்தமானது என்று அறிவுக்குத் தெரிந்தும் மக்கள் சிரித்துக்கொண்டே தயங்குகிறார்கள். நீங்கள் குடிப்பீர்களா, மாட்டீர்களா? கருத்துப் பெட்டியில் ஒரே சொல்லில் எழுதுங்கள். 'மிக அருமை' என்று மட்டும் எழுதாதீர்கள்.